ஊருணியைச் சீரமைக்கிறார்கள்: தவளைகளுக்கு என்ன கேட்டு வாங்கலாம்?

ஊருணிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊர் ஊருணியையும் அதை ஒட்டியிருக்கும் சின்னக் கண்மாயையும் சீரமைக்க ஒரு தனியார் நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பணம் தருகிறது. வரைபடம் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டது. நான்கு பக்கமும் கருங்கல் பதித்த செங்குத்துச் சுவர், உள்ளே முழுக்க ஒரே மட்டத்துக்கு ஆழம், கரைமேல் சிமென்ட் நடைபாதை, சுற்றிலும் விளக்கு, நிரம்பியதும் மீன்குஞ்சு விடுவது. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுப்பதும் இதில் இருக்கிறது, அதில் எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

என் கவலை வேறு. ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த இரவு எங்கள் ஊரில் தவளைச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. பக்கத்து ஊரில் இதே மாதிரி வேலை முடிந்தது. அங்கே இப்போது தண்ணீர் முன்பைவிட அதிகம் நிற்கிறது, ஆனால் மழை இரவில் சத்தம் இல்லை. தண்ணீர் கூடினால் தவளையும் கூட வேண்டும்தானே? கிராம சபையில் நான் எழுந்து பேசினால் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரநிலம்

தம்பி, நல்ல நேரத்தில் கேட்டீர்கள். கல் பதித்த பிறகு கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நம் சமவெளித் தவளைகளில் பெரும்பாலானவை ஆழத்தண்ணீரில் முட்டையிடுவதில்லை. முழங்காலுக்கும் கீழே நிற்கிற, வெயில் பட்டு வெதுவெதுப்பான, புல்லும் கோரையும் முளைத்த ஓரம்தான் அவற்றுக்குப் பிரசவ அறை. தேரை தன் முட்டையை நீளச் சரமாகச் செடித்தண்டுகளில் சுற்றிவிடும். மரத்தவளை தண்ணீருக்கு மேலே தொங்கும் கிளையிலோ சுவரிலோ நுரைக்கூடு கட்டும், குஞ்சுகள் அதிலிருந்து தண்ணீரில் விழும். மழைக்கு மஞ்சள் நிறமாக மாறிக் கழுத்தின் இருபுறமும் நீலப்பை ஊதிக் கத்துகிற பெரிய தவளையைப் பார்த்திருப்பீர்கள், அதுகூட வயலோரக் குட்டைக்கும் தேங்கிய மழைநீருக்கும்தான் போகும். வருடத்தின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு மழைக்கு மட்டும் வெளியே வருகிற பருத்த குட்டித் தவளைகளும் உங்கள் பக்கத்துச் செம்மண்ணில் உண்டு.

இன்னொன்று, மீன். கோடையில் வற்றிப்போகிற தண்ணீரில் மீன் நிலைக்காது. அப்படி மீன் இல்லாமல் சில வாரமே நிற்கிற தண்ணீரை நம்பித்தான் பல வகைகள் முட்டையிடுகின்றன. முட்டை, தலைப்பிரட்டை, கால் முளைத்த குட்டி என்று எல்லாம் அந்தச் சில வாரத்தில் முடிந்தாக வேண்டும். வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கவைத்து அதில் மீனையும் விட்டால், தலைப்பிரட்டை தப்புவது கடினம். தேரையின் தலைப்பிரட்டை மட்டும் ஓரளவு தப்பும், அதன் உடம்பில் இருக்கிற நச்சால் பல மீன்கள் அதைத் தின்னாமல் துப்பிவிடும். பக்கத்து ஊரில் மழை இரவில் தேரைச் சத்தமாவது கேட்கிறதா என்று ஒருமுறை போய்க் கேளுங்கள்.

அப்புறம் அந்தச் சுவர். வால் சுருங்கிக் கரையேறும் குட்டித் தவளை விரல்நகம் அளவுதான் இருக்கும். செங்குத்துக் கல்லில் அது எங்கே ஏறும்?

மதகடி

பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேலே சொன்னதை மதிக்கிறேன். ஆனால் ஒரு பக்கக் கதையாகப் போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கண்மாய் வெட்டியது பாசனத்துக்கு, ஊருணி வெட்டியது குடிக்க. தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. பலவற்றில் வண்டல் ஏறிக் கொள்ளளவு குறைந்து கிடக்கிறது. தண்ணீர் பரந்து ஆழமில்லாமல் நின்றால் வெயிலில் ஆவியாகிவிடும். சிவகங்கை மாதிரி வறண்ட மாவட்டத்தில் ஆழம் வேண்டும் என்று ஊர்க்காரர் கேட்பது நியாயம். தூர்வாருவதே தவறு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முன்பு விவசாயிகளே கோடையில் வண்டி கட்டி வண்டல் அள்ளி வயலுக்குக் கொண்டுபோனார்கள். அதுவும் தூர்வாருதல்தான்.

கல் பதிப்பதற்கும் காரணம் உண்டு. கரை அரிக்கும், உடையும். உடைந்தால் கீழே இருக்கிற வயல் போகும்.

ஈரநிலம்

ஐயா, தூர்வாருவதை நான் எதிர்க்கவில்லை. நீங்கள் சொன்ன அந்தப் பழைய முறையையே வைத்துக்கொண்டு பேசலாம்.

பழைய கண்மாயின் வடிவத்தை நினைத்துப் பாருங்கள். பிறை மாதிரி ஒரு பக்கம் மட்டும் கரை. கரையடியில், மதகு இருக்கும் இடத்தில் ஆழம். அங்கிருந்து எதிர்ப்பக்கம் வரத்துக் கால்வாய் வருகிற முனை வரைக்கும் தரை மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போகும். அந்த முனையில் மழைக்காலத்தில் கணுக்கால் தண்ணீர், தையில் சேறு, சித்திரையில் மேய்ச்சல் நிலம். அந்தச் சரிவு முழுக்கத் தவளைக்கும் கொக்குக்கும் நாரைக்கும் ஆன இடம். விவசாயிகள் வண்டல் அள்ளியபோது இந்தச் சாய்வு கெடவில்லை, அவரவர் கைக்கும் வண்டிக்கும் எட்டிய அளவுதான் எடுத்தார்கள். பொக்லைன் வந்த பிறகுதான் நாலு பக்கமும் ஒரே ஆழத்தில் தொட்டி மாதிரி வெட்டுகிறோம். அள்ளுகிற மண்ணுக்கு விலையும் இருப்பதால் சில இடங்களில் தேவைக்கு மேலேயே தோண்டுகிறார்கள். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆழம் வேண்டுமா, கரையடியில் வெட்டுங்கள். கல் வேண்டுமா, அலை அடிக்கிற கரைப்பக்கம் மட்டும் பதியுங்கள். எதிர்முனையைத் தொடாதீர்கள். அங்கே 5 அடி தூரத்துக்கு 1 அடிக்கு மேல் இறக்கம் இருக்கக் கூடாது, 20 அடிக்கு 1 அடி என்றால் இன்னும் நல்லது.

இது பலன் தருமா என்று கேட்பவர்களுக்குச் சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்தைக் காட்டுவேன். அங்கே 20 ஆண்டுகளில் 422 குளம் குட்டைகளைப் புதிதாக வெட்டினார்கள். பெரிய ஏரி எதுவும் இல்லை, எல்லாம் குட்டைகள்தான். கண்காணித்த உள்ளூர்த் தவளை, தேரை, நியூட் (பல்லி போல வாலுள்ள இருவாழ்வி) கூட்டங்களில் 52 விழுக்காடு பெருகியது என்று 2022இல் ஆய்வு வந்தது. ராய்ஸ் பள்ளத்தாக்கில் ஐரோப்பிய மரத்தவளை 1999இல் 16 குட்டைகளில் இருந்தது, 2019இல் 77 குட்டைகளில் இருந்தது. சாலையும் வீடும் தீவிர விவசாயமும் நெருக்கியடிக்கிற மாநிலம் அது. அவற்றில் எதையும் அவர்களால் பெரிதாக மாற்ற முடியவில்லை. சும்மா நிறையக் குட்டை வெட்டினார்கள், சிலது வற்றிப்போகட்டும் என்று விட்டார்கள்.

எனக்கு இந்தத் துறையில் நம்பிக்கை தருகிற செய்தி அபூர்வம். 2023இல் வந்த உலக மதிப்பீட்டில் 8011 இருவாழ்வி இனங்களைப் பார்த்தார்கள், அதில் 40.7 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருக்கிறது. முதுகெலும்புள்ள விலங்குகளில் இவ்வளவு மோசமான நிலையில் வேறு பெரிய வகுப்பு இல்லை. அதனால்தான் ஆர்காவ் கணக்கைப் போகிற இடமெல்லாம் சொல்கிறேன்.

குறுவை

நான் நாகப்பட்டினம் பக்கம் நெல் விவசாயி. கண்மாய் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, வயல் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா காலத்தில் ராத்திரி பெட்ரோமாக்ஸ் விளக்கோடு சாக்கு எடுத்துக்கொண்டு வயலில் தவளை பிடிக்க ஆட்கள் வருவார்கள். காலை மட்டும் வெட்டி ஏற்றுமதிக்குப் போகும். 1981இல் மட்டும் இந்தியாவிலிருந்து 4000 டன்னுக்கு மேல் தவளைக்கால் போயிருக்கிறது. அவ்வளவு காலுக்கு எத்தனை தவளை என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. 1987இல் அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. தவளை போனால் பூச்சி ஏறும், பூச்சி ஏறினால் மருந்து ஏறும் என்பதுதான் அன்றைக்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானது.

சாக்கோடு வந்தவர்கள் போய்விட்டார்கள். மருந்து போகவில்லை. வரப்பில் களைக்கொல்லி அடிப்பது இப்போது ரொம்பச் சாதாரணம். இலையில் ஒட்டிக்கொள்வதற்காக அந்த மருந்தில் ஒரு சோப்பு மாதிரியான பொருள் சேர்க்கிறார்கள். பல கலவைகளில் மருந்தைவிட அந்தச் சோப்புத்தான் தலைப்பிரட்டைக்குக் கொடியது, செவுளைத் தாக்கும். வாய்க்கால் ஓரத்தில் அடித்தால் அத்தனையும் தண்ணீரில்தான் போய் விழும். நான் வரப்பை ஆள் வைத்து அரிவாளால்தான் வெட்டுகிறேன். செலவு கூடத்தான் ஆகிறது.

ஊருணிக்கரை தம்பி, உங்கள் கண்மாய்ப் பாசன வயல்காரர்களையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துப் பேசுங்கள். பல தவளைகள் முட்டையிடத்தான் தண்ணீருக்கு வரும். மிச்ச நாளெல்லாம் வரப்பிலும் வயலிலும்தான் இருக்கும்.

பனங்காடை

ஒரு சந்தேகம். தவளை குறைந்துபோன குளத்துக்கு வேறு ஊரிலிருந்து பிடித்துக் கொண்டுவந்து விட்டால் என்ன? மீன்குஞ்சு விடுவது மாதிரிதானே?

வால்பாறைச்சாரல்

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

முதலில் நோய். கிட்ரிட் என்ற பூஞ்சை தவளையின் தோலைத் தாக்கும். தவளை தோல் வழியாகத் தண்ணீரும் உப்பும் காற்றும் எடுக்கிற உயிர், தோல் கெட்டால் இதயம் நின்றுபோகும். உலகம் முழுக்கக் குறைந்தது 501 இனங்கள் இதனால் சரிந்தன, அதில் 90 அழிந்தே போயிருக்கலாம் என்று 2019இல் கணக்கிட்டார்கள். தவளைகளை வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோனது அது பரவியதற்கு முக்கியக் காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அந்தப் பூஞ்சை பதிவாகியிருக்கிறது. மத்திய அமெரிக்காவில் நடந்தது போன்ற பெருஞ்சாவு இங்கே பதிவாகவில்லை. அப்படியே இருக்கட்டும் என்றுதான் நாங்கள் ஒரு ஓடையிலிருந்து இன்னொரு ஓடைக்குப் போகும்போது காலணியைக் கழுவிக் காயவைத்துவிட்டுப் போகிறோம்.

அடுத்தது அந்தமான். ஈரநிலம் சொன்ன அந்த மஞ்சள் தவளை நம் ஊரில் விவசாயியின் நண்பன். அதே தவளை அந்தமானுக்குப் போய்ச் சேர்ந்து அங்கே வேகமாகப் பரவிவிட்டது. அதன் தலைப்பிரட்டை ஊன் தின்னும், அங்கே உள்ள மற்றத் தவளைகளின் தலைப்பிரட்டையைத் தின்று தீர்க்கிறது. பெரியது கோழிக்குஞ்சையும் விடுவதில்லை.

இடத்தைச் சரிசெய்தால் பக்கத்தில் மிஞ்சியிருக்கிறவை தாமாக வரும். மழை இரவில் அவை வெகுதூரம் நடக்கும். வர வழி இருக்கிறதா என்பதைப் பாருங்கள், சாலை, சுவர், சிமென்ட் வாய்க்கால் எல்லாம் வழியை அடைக்கும்.

மலையில் கதை வேறு. 2003இல் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசூயும் உலகுக்கு அறிவித்த ஊதாத் தவளை வருடத்தில் சில நாள் மட்டும் மண்ணுக்கு மேலே வரும். அதன் தலைப்பிரட்டை வாயால் பாறையைக் கவ்விக்கொண்டு ஓடும் தண்ணீரில் வாழும். 2017இல் அதன் நெருங்கிய உறவு ஒன்றை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிழக்குச் சரிவில் கண்டறிந்து, மறைந்த ஆய்வாளர் எஸ். பூபதியின் பெயரை வைத்தார்கள். இந்த இரண்டுக்கும் குட்டை வெட்டிப் பயனில்லை, ஓடை ஓடையாக ஓட வேண்டும். தடுப்பணை கட்டித் தேக்கினால் பாறையைக் கவ்வுகிற குஞ்சுக்கு வேலையே இல்லை. தண்ணீரைச் சேமிக்கிறோம் என்று காட்டோடையில் வரிசையாகத் தடுப்பணை கட்டுகிறவர்கள் இதை ஒருமுறையாவது யோசிக்க வேண்டும்.

யாழ்மழை

வணக்கம். நான் வன்னிப் பக்கம். எங்கட பழைய குளங்களைப் பற்றி இஞ்ச சொன்னால் உதவும் எண்டு நினைக்கிறன்.

இலங்கையின்ர உலர்வலயத்தில குளங்கள் தனித்தனியா இல்லை, ஒண்டின்ர தண்ணி அடுத்ததுக்குப் போற மாதிரித் தொடரா இருக்கும். உலக உணவு வேளாண்மை அமைப்பு அதை உலக முக்கியத்துவமுள்ள வேளாண் பாரம்பரியமா ஏற்றிருக்கு. ஒவ்வொரு குளத்தோடயும் சேர்ந்த துண்டு நிலங்கள் இருக்கும். குளத்துக்கு மேலே மரங்கள் நிக்கிற ஒரு பட்டை, காற்றை மறிச்சு ஆவியாகிறதைக் குறைக்கும். அதுக்குப் பக்கத்தில தண்ணியை வடிகட்டிற புல்வெளி. தண்ணி குளத்துக்க வர முன்னம் மண் படியிறதுக்கு எண்டு ஒரு கிடங்கு, சிங்களத்தில கொடவல எண்டு சொல்லுவினம், காட்டு விலங்குகள் அதிலதான் தண்ணி குடிக்கும். அணைக்கட்டுக்கும் வயலுக்கும் இடையில இன்னொரு செடிப்பட்டை, வயலுக்கு உப்பு இறங்காம அது தடுக்கும்.

மதகடி ஐயா ஆவியாகிறதைப் பற்றிச் சொன்னபடியால் எழுதினன். அந்தக் காலத்து ஆட்கள் ஆழத்தால மட்டும் அதைச் சமாளிக்கேல்ல, மரத்தாலயும் சமாளிச்சவை. புனரமைப்பு எண்டு வந்து இந்தத் துண்டு நிலங்களை அழிச்ச குளங்கள் இப்ப வெறும் தண்ணித் தொட்டிதான்.

உலகத்தில அழிஞ்சுபோன இருவாழ்விகளின்ர பட்டியலில எங்கட தீவின்ர பேர்தான் நிறைய இருக்கு. மலைநாட்டுக் காடுகளைக் கோப்பிக்கும் தேயிலைக்கும் வெட்டினதுதான் பெரிய காரணம். 1853இல விவரிச்ச ஒரு மரத்தவளையை ஒன்றரை நூற்றாண்டாக ஒருவரும் காணேல்ல, சிவனொளிபாதமலைக் காட்டில 2009இலதான் திரும்பவும் கண்டவை. காடு ஒரு துண்டு மிஞ்சினபடியால் அது மிஞ்சினது.

மதகடி

யாழ்மழை சொன்ன அந்த மண்படியும் கிடங்கு நல்ல பொறியியல். நாமும் வரத்துக் கால்வாய் வாயில் வண்டல் பொறி வைக்கச் சொல்வோம், பணம் இல்லை என்று அடித்துவிடுவார்கள். ஊருணிக்கரை, அதை நீங்கள் கேட்டு வாங்குங்கள். வண்டல் அங்கேயே நின்றுவிட்டால் கண்மாயை அடிக்கடி தூர்வார வேண்டாம், செலவு மிச்சம் என்று சொன்னால் நிறுவனத்துக்காரர் கேட்பார். கோடையில் வற்றும், மழையில் முதலில் நிரம்பும், மீன் நிற்காது. ஈரநிலம் கேட்கிற எல்லாம் அதில் இருக்கிறது.

சரிவு பற்றி: மூன்றில் ஒரு பங்கை வரத்து முனையில் விட்டுவிட்டு மீதியை ஆழப்படுத்தினால், வெட்டும் ஆழத்தைக் கொஞ்சம் கூட்டினாலே கொள்ளளவை ஈடுகட்டலாம். ஊருணியில் மூன்று பக்கம் சுவர் இருந்தாலும் ஒரு பக்கத்தை மண் சரிவாக விடச் சொல்லுங்கள். தவறி விழுந்த ஆடு மாடும் குழந்தையும் ஏறி வர வழி வேண்டும் என்று சொன்னால் அதை மறுத்துப் பேச ஆள் இருக்காது.

மீன் விஷயத்தில் நான் மாற மாட்டேன். மீன் குத்தகைப் பணம் பல பஞ்சாயத்துகளுக்கு உருப்படியான வருமானம். அதை நிறுத்து என்று சொன்னால் கூட்டம் உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும்.

ஈரநிலம்

குத்தகை பற்றி ஐயாவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை, ஆனால் கண்மாயில் மீன், கிடங்கிலும் பள்ளங்களிலும் மீன் கூடாது என்று பிரித்துக் கேட்பது நடக்கக் கூடியது. விடுவதிலும் நம் நாட்டு ஆற்று மீன்களான கட்லா, ரோகு வேறு, வெளிநாட்டிலிருந்து வந்த திலேப்பியா வேறு. ஆப்பிரிக்கக் கெளுத்தி அறவே கூடாது, 2000ஆம் ஆண்டே மத்திய அரசு தடை செய்த மீன் அது. எதிர்ப்பட்டதையெல்லாம் தின்னும்.

கொசுவுக்கு என்று கம்பூசியா மீன் விடுவார்கள், அதையும் கேட்டுத் தடுங்கள். 1928இல் இந்தியாவுக்கு வந்த மீன். தவளை முட்டையைத் தின்னும், தலைப்பிரட்டையின் வாலைக் கடித்துக் குதறும். கொசு ஒழிக்கத் தவளையைப் பலி கொடுப்பது எவ்வளவு தவறான கணக்கு என்பதற்குக் கோஸ்டா ரிக்காவும் பனாமாவும் சாட்சி. கிட்ரிட் அலை போன வழியில் தவளைகள் சரிந்த பிறகு, அந்தந்த ஊரில் மலேரியா கூடியிருப்பதை 2022இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

சட்டம் துணைக்கு வருமா என்று யாராவது கேட்பார்கள். 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகளின் வரையறையிலேயே நெல்வயலையும், குடிநீருக்கும் பாசனத்துக்கும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளையும் விலக்கிவிட்டார்கள். ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் என்ற பன்னாட்டு உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2008லேயே நெல்வயலை ஈரநிலமாகப் போற்றித் தீர்மானம் போட்டன, நம் விதி இப்படி இருக்கிறது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் 20 இடங்கள் இருக்கின்றன. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் உங்கள் ஊர்க் கண்மாயைக் காக்க அந்தப் பட்டியல் வராது. கிராம சபைத் தீர்மானம்தான் உங்கள் கையில் இருக்கிறது. அதனால் தீர்மானத்தில் எழுத்தில் வாங்குங்கள், வாய்ப்பேச்சு பொக்லைன் ஓட்டுநரிடம் போய்ச் சேராது.

ஊருணிக்கரை

கூட்டம் முடிந்தது. எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டல் கிடங்குக்கு உடனே சரி என்றார்கள், மதகடி ஐயா சொன்ன செலவுக் கணக்கைத்தான் முதலில் வைத்தேன். ஊருணியின் வடக்குப் பக்கம் மண் சரிவாக இருக்கும். மாடு வைத்திருக்கிற அம்மாக்கள் நான்கு பேர் எழுந்து அதற்காகப் பேசினார்கள், எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று. கண்மாயின் வரத்து முனையை விட்டுவைப்பதாகத் தீர்மானத்தில் எழுதியிருக்கிறது, ஆனால் எத்தனை அடி என்று எழுதவில்லை. கேட்டேன், பொறியாளர் வந்து அளப்பார் என்றார்கள். மீன் குத்தகை அப்படியே நடக்கும். விளக்கு கரையின் தெருப்பக்கம் மட்டும்.

வரப்பில் களைக்கொல்லி பற்றிப் பேசியபோது சத்தம் போட்டார்கள். கூலிக்கு ஆள் எங்கே என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. குறுவை அண்ணன் ஒருநாள் வந்து பேசினால் கேட்பார்கள் என்று தோன்றுகிறது.

குறுவை

அறுவடை முடிந்ததும் வருகிறேன் தம்பி. தேதி சொல்லுங்கள்.

ஈரநிலம்

அந்த அடிக்கணக்கை விடாதீர்கள். பொறியாளர் அளக்க வருகிற அன்று நீங்களும் நில்லுங்கள். முழுக் கொள்ளளவில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கேட்டு, அந்தக் கோட்டிலிருந்து உள்ளே மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கல் நட்டு அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். அது நடுவதற்கு முன்னால் இயந்திரம் இறங்கக் கூடாது.

வேலை தொடங்கும் முன்பே இன்னொன்று செய்யுங்கள். அடுத்த மழை இரவில் பள்ளிப் பிள்ளைகள் சிலரைக் கூட்டிக்கொண்டு போய் ஊருணியின் நான்கு மூலையிலும் பத்துப் பத்து நிமிடம் நின்று கைபேசியில் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். யாரும் தவளையைக் கையில் எடுக்க வேண்டாம், பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும், பாம்பும் அங்கேதான் வரும். பதிவை இங்கே ஏற்றுங்கள், எந்தச் சத்தம் எந்தத் தவளை என்று நானும் வால்பாறைச்சாரலும் பிரித்துச் சொல்கிறோம். உயிரினப் பதிவுகளை யாரும் ஏற்றக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்திலும் போட்டு வையுங்கள். வேலைக்கு முன் என்ன இருந்தது என்று பதிவு இல்லாததால் எத்தனையோ ஊர்களில் பின்னால் ஒன்றும் நிறுவ முடியாமல் போயிருக்கிறது. உங்கள் பக்கத்தில் இந்த வாரம் மழை இருக்கிறதா?